கடுகு என்றால் எந்தக் கடுகு?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் தயங்கி நின்றான். வாசலில் அவனுடைய பாட்டி காத்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு எண்ணெய்ப் போத்தல்கள்.

"வாத்தியாரய்யா, இந்தப் பய ஒன்னு சொல்றான். பக்கத்து வீட்டு பங்களாதேஷ் தம்பி ஒன்னு சொல்றாரு. எது நெசம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

விஷயம் இதுதான். பாட்டிக்கு நெடுநாளாக முழங்கால் வலி. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் சாமான் வாங்கப் போன மருமகள், யாரோ சொன்னார்கள் என்று ஒரு போத்தல் கடுகெண்ணெய் வாங்கி வந்தாள். தேய்த்ததில் பாட்டிக்குச் சற்று சுகம் தெரிந்தது. அதற்குள் பக்கத்து லயத்தில் இருக்கும் பங்களாதேஷ் தொழிலாளி ஒருவர் தம்மிடம் இருந்த கடுகெண்ணெயில் மீன் பொரித்து ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு போத்தல் எண்ணெயும் கொடுத்தார். மீன் நன்றாக இருந்ததால் மருமகள் தான் வாங்கி வந்த எண்ணெயையும் சட்டியில் ஊற்றத் தொடங்கினாள். வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்று உண்டு. அதற்கும் இதையே தேய்த்துக் குளிப்பாட்டலாம் என்று பேச்சு நடந்தது.

அப்போதுதான் நம் மாணவன் போத்தலைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறான். "வெளி உபயோகத்திற்கு மட்டும்" என்று அதில் எழுதியிருந்தது. பங்களாதேஷ் தம்பியின் போத்தலில் அப்படி ஒரு வரியே இல்லை.

"ரெண்டும் கடுகெண்ணெய்தானே ஐயா? ஒன்ன திங்கலாம், ஒன்ன திங்கக்கூடாதுன்னா எப்படி?" என்று கேட்டார் பாட்டி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. "சமையலுக்கும் வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம். திங்கட்கிழமை சொல்கிறேன் பாட்டி" என்று அனுப்பிவைத்தேன். அந்த இரண்டு நாளில் நான் தேடிப் படித்ததைத்தான் இந்த மாதம் உங்கள் முன் வைக்கிறேன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள் பெரியவர்கள். அந்தச் சிறு விதைக்குள் இத்தனை சங்கதிகள் இருக்கும் என்று நானும் எண்ணியதில்லை.

ஒரு பெயர், பல செடிகள்

கடுகெண்ணெய் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று கேட்டால், கடுகுச் செடியிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் கடுகு என்பது ஒரே செடி அல்ல.

நாம் தாளிக்கும் கடுகு பெரும்பாலும் பழுப்புக் கடுகு. பிராசிக்கா ஜுன்சியா என்பது அதன் தாவரவியல் பெயர். இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிராகும் முக்கியமான கடுகும் இதுவே. ராஜஸ்தான், அரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி விதைத்து, குளிர்காலத்தில் வளர்த்து, மாசி, பங்குனியில் அறுக்கிறார்கள். குளிர் வேண்டிய பயிர் என்பதால் நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெக்கையில் கீரையாக வளருமே தவிர, எண்ணெய்க்கு ஏற்ற விதைப் பயிராகாது.

இரண்டாவது கருங்கடுகு. ஆளுயரத்துக்கும் மேலே வளரும் செடி. இதன் காய்கள் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறிவிடும். இயந்திரத்தால் அறுக்க இது தோதுப்படாததால், மேல்நாடுகளில் 1950-களிலிருந்து கருங்கடுகை விட்டுப் பழுப்புக் கடுகுக்கு மாறிவிட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் கருநிறமாக இருப்பதையெல்லாம் கருங்கடுகு என்றாலும், கடையில் கிடைப்பது அநேகமாகப் பழுப்புக் கடுகின் கரிய வகைதான்.

மூன்றாவது வெண்கடுகு. விதை சற்றுப் பெரியது, வெளிர் மஞ்சள் நிறம். பசார் மாலாமில் பிள்ளைகள் வாங்கும் ஹாட்டாக் ரொட்டியின்மேல் மஞ்சளாகப் பிழிகிறார்களே, அந்தக் குழம்பு இதிலிருந்து வருவது. பழந்தமிழில் வெண்சிறுகடுகுக்கு 'ஐயவி' என்று பெயர். போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காப்பதற்காக வீட்டில் ஐயவி தூவியதைப் புறநானூறு சொல்கிறது. இன்றும் கடுகு, மிளகாய், உப்புச் சுற்றித் திருஷ்டி கழிக்கிறோம் அல்லவா? வழக்கம் பழையது.

ஒன்று கவனிக்க வேண்டும். வெளிர்நிற விதை எல்லாமே வெண்கடுகு ஆகிவிடாது. வட இந்தியாவில் சர்சோன் என்று ஒரு செடி உண்டு. அதிலும் மஞ்சள் விதை வகை இருக்கிறது. அதிலிருந்து ஆட்டும் எண்ணெயும் கடுகெண்ணெய் என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது.

மீ கோரெங்கில் ஒரு சொந்தக்காரர்

இந்தச் சர்சோன் இனத்தை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்க வேண்டாம். மீ கோரெங்கிலும் மீ சூப்பிலும் பச்சையாக ஒரு கீரை போடுகிறார்களே, சாவி, அது இதே இனம்தான். பிரிக்பீல்ட்ஸ் கடையில் கடுகுப் பொட்டலத்தின்மேல் மலாயில் 'பீஜி சாவி' என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். சாவியின் விதை என்று பொருள். சீனர்கள் 'காய் சோய்' என்று விற்கும் கைப்புக் கீரை இருக்கிறதே, அது நம் பழுப்புக் கடுகுச் செடியின் இலையே.

இவற்றின் உறவுமுறையைக் கண்டு சொன்னவர் நாகஹாரு ஊ என்னும் அறிஞர். கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் 1898-இல் தோக்கியோவில் பிறந்தவர். செடியின் மரபுத் தன்மைகளைத் தாங்கும் நுண்ணிழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். சாவி இனத்திற்கு அவை 10 இணை. கருங்கடுகுக்கு 8 இணை. பழுப்புக் கடுகுக்கோ 18 இணை. பத்தும் எட்டும் பதினெட்டு! சாவி இனமும் கருங்கடுகும் என்றோ இயற்கையாகக் கலந்ததால் பிறந்த பிள்ளைதான் பழுப்புக் கடுகு என்று 1935-இல் அவர் விளக்கினார். அதே கணக்கில், சாவி இனத்தின் 10 இணையும் கோபிஸின் 9 இணையும் கலந்து 19 இணையுடன் பிறந்தது ரேப் என்னும் எண்ணெய்ச் செடி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, நம் ரசத்தில் வெடிக்கும் கடுகுக்குத் தாய்வழியோ தந்தைவழியோ ஒரு சொந்தக்காரர் மீ கோரெங்குத் தட்டில் இருக்கிறார்.

காரம் எங்கே இருக்கிறது?

இப்போது அடுப்படியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கடுகு நாலைந்தை வாயில் போட்டு மெல்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுத்ததும் சுருக்கென்று மூக்கில் ஏறும். பிறகு எண்ணெயில் வெடித்த கடுகை மெல்லுங்கள். வாசனை இருக்கும், காரம் இராது. ஏன்?

கடுகு விதைக்குள் காரம் காரமாகவே இருப்பதில்லை. காரத்தின் மூலப்பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதன் பெயர் சினிகிரின். அதைக் காரமாக மாற்றும் மைரோசினேஸ் என்னும் நொதிப்பொருள் வேறோர் அறையில் இருக்கிறது. விதை நசுங்கி, ஈரமும் சேரும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. அப்போது பிறப்பதே மூக்கைத் துளைக்கும் அந்தக் கார எண்ணெய். அல்லைல் ஐசோதயோசயனேட் என்பது அதன் வேதியியல் பெயர். தாளிக்கும்போது கொதிக்கும் எண்ணெயின் சூட்டில் நொதிப்பொருள் செத்துவிடுகிறது. எனவே காரம் பிறப்பதில்லை. ஊறுகாய்க்குக் கடுகை அரைத்துச் சேர்க்கும்போது காரம் ஏறுவதும் இதனால்தான்.

செடி இந்தக் காரத்தை நமக்காகச் செய்து வைக்கவில்லை. இலையையும் விதையையும் கடிக்க வரும் பூச்சிக்காகச் செய்து வைத்திருக்கிறது.

எனவே கடுகில் எண்ணெய் இரண்டு. ஒன்று, செக்கில் ஆட்டினால் வழியும் கொழுப்பெண்ணெய். விதையின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இது. மற்றொன்று, நசுக்கி ஈரமாக்கினால் பிறக்கும் கார எண்ணெய். அளவில் மிகக் கொஞ்சம், ஆனால் வேகம் அதிகம். போத்தலில் வரும் கடுகெண்ணெய் முதலாவது வகை. அதில் இரண்டாவதும் சிறிது கலந்திருப்பதால்தான் மூடியைத் திறந்தாலே கண் கரிக்கிறது. போத்தலில் 'கச்சி கானி' என்று போட்டிருந்தால், சூடேற்றாமல் செக்கில் ஆட்டியது என்று பொருள். அதில் நெடி அதிகம். வங்காளிகள் அந்த எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிய பிறகே மீனைப் போடுவார்கள். நெடி பறந்துவிடும்.

இந்தக் கார எண்ணெயின் வேகத்தை நான் என் மேனியிலேயே அறிந்தவன். எண்பதுகளின் இறுதி. எனக்கு ஏழெட்டு வயது. மழைக்காலத்தில் விடாத இருமல். அம்மா கடுகை அரைத்துத் துணியில் தடவி என் நெஞ்சில் பற்றுப் போட்டார். கால் மணி நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். காலையில் நாலு மணிக்கே பால்மரம் வெட்டப் போக வேண்டியவர், அசதியில் தூங்கிப்போனார். விடிந்து பார்த்தால் நெஞ்சில் இரண்டு கொப்புளங்கள். அம்மா அழுத அழுகையை இன்றும் மறக்க முடியவில்லை. நெருப்பில்லாமலே தோலைச் சுடக்கூடியது அது. தழும்பு மறைந்துவிட்டது. ஆனால் யாராவது கடுகுப் பற்று என்றால் என் கை தன்னால் நெஞ்சுக்குப் போகும்.

கொல்லையில் நிற்கும் உறவினர்கள்

கடுகின் காரத்தைப் போன்ற காரம் கடுகில் மட்டும்தான் உண்டா? இல்லை. லயத்துக் கொல்லையிலேயே பாருங்கள்.

பப்பாளிப் பழத்தை வெட்டியதும் கருவிதைகளை வழித்து எறிகிறோம். அதில் ஒன்றை மென்று பாருங்கள், கடுகு போலவே சுருக்கென்றிருக்கும். அதிலும் இதே குடும்பத்துக் காரப்பொருள் ஒன்று இருக்கிறது. முருங்கை வேரும் அப்படியே. வெள்ளைக்காரர்கள் நம் முருங்கைக்கு 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் நாட்டில் ஹார்ஸ்ராடிஷ் என்று ஒரு கார வேர் உண்டு. முருங்கை வேரின் நெடி அவர்களுக்கு அதை நினைவூட்டியது. ஆனால் முருங்கை வேரின் பட்டையில் நச்சுப்பொருளும் இருப்பதால் அதைத் தின்று பார்க்க வேண்டாம். இலையும் காயும் நமக்குப் போதும். முள்ளங்கியாகிய லோபாக், கோபிஸ் ஆகியவற்றின் நெடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கடுகு, முருங்கை, பப்பாளி மூன்றையும் ஒரே பெருங்குலத்தில்தான் தாவர அறிஞர்கள் வைத்திருக்கிறார்கள்.

இப்போது பிள்ளைகள் கோலாலம்பூர் பேரங்காடிகளில் ஜப்பானியச் சூஷி தின்னப் பழகிவிட்டார்கள். அதனுடன் பச்சையாக ஒரு காரக் குழைவு வைக்கிறார்களே, வசாபி, அதுவும் கடுகின் சொந்தம்தான். உண்மையான வசாபி விலை கூடியது என்பதால் பெரும்பாலான கடைகளில் கிடைப்பது ஹார்ஸ்ராடிஷ், கடுகு ஆகியவற்றுடன் பச்சைச் சாயம் சேர்த்தது. பெயர் ஒன்று, உள்ளிருக்கும் செடி வேறொன்று! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'வெளி உபயோகத்திற்கு மட்டும்' ஏன்?

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

கடுகின் கொழுப்பெண்ணெயில் எருசிக் அமிலம் என்று ஒன்று உண்டு. வழக்கமான இந்தியக் கடுகெண்ணெயில் இது நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்குகூட இருக்கும். எலிகளுக்கு இதை நிறையக் கொடுத்துப் பார்த்தபோது இதயத் தசையில் கொழுப்புப் படிந்தது. எனவே அமெரிக்க அரசாங்கம் கடுகெண்ணெயைச் சமையல் எண்ணெயாக விற்க அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய நாடுகளும் அளவு வரம்பு வைத்திருக்கின்றன. ஏற்றுமதியாகும் பல போத்தல்களில் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்ற வரி வந்த கதை இதுதான்.

அப்படியானால் வங்காளிகளும் பஞ்சாபியரும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்களே? நியாயமான கேள்வி. எலியின் உடல் இந்த அமிலத்தைச் செரித்து எரிப்பதில் மந்தமானது. மனிதருக்கு இது இதயநோய் உண்டாக்கியதாக உறுதிப்படவில்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் ஓர் அளவு சொன்னது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம். கரும்பலகையில் கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டிக் கடுகெண்ணெய் நாலரை கிராம் என்றால், நூற்றுக்கு நாற்பது வீதம் அதில் 1,800 மில்லிகிராம் எருசிக் அமிலம் இருக்கும். ஒரே கரண்டியில் வரம்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல்! பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 70 மில்லிகிராம்தான் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எனவே பங்களாதேஷ் தம்பி பொய் சொல்லவில்லை. அது அவர் ஊர்ச் சாப்பாடு. போத்தலில் உள்ள வரியும் பொய் இல்லை. இரண்டு நாட்டுப் பழக்கமும் சட்டமும் ஒரே லயத்தில் சந்தித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

முன்பு சொன்ன ரேப் செடியின் எண்ணெயிலும் இதே குறை இருந்தது. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கீத் டௌனி, பால்டர் ஸ்டெபான்சன் இருவரும் பல ஆண்டுகள் விதை தேர்ந்து தேர்ந்து, எருசிக் அமிலம் மிகக் குறைந்த செடிகளை உருவாக்கினார்கள். 1974-இல் எருசிக் அமிலமும் காரப்பொருளும் ஒருங்கே குறைந்த ரேப் வகை வெளிவந்தது. 1978-இல் அதற்குத் தங்கள் நாட்டின் பெயரை முன்னே வைத்து 'கனோலா' என்று பெயர் சூட்டினார்கள். நம் ஊர்ப் பேரங்காடியில் விற்கும் கனோலா எண்ணெய் இதுவே. கடுகின் உறவுதான், சமையலுக்கு ஆகும்.

கடுகு வேடத்தில் ஒரு நஞ்சு

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையான கடுகைப் பற்றி. இனிச் சொல்லப்போவது போலியைப் பற்றி. தயவுசெய்து இந்தப் பகுதியை வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் தரிசு நிலத்திலும் சாலை ஓரத்திலும் முள் இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு செடி நிற்கும். கிள்ளினால் மஞ்சள் பால் வரும். பிரம்மத்தண்டு என்றும் குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். மெக்சிகோ நாட்டுப் பக்கமிருந்து வந்த களை. ஆங்கிலத்தில் ஆர்ஜிமோன். இதற்கும் கடுகுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் இதன் விதை கறுப்பாக, உருண்டையாக, பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். வட இந்தியாவில் கடுகு வயல்களின் ஓரத்தில் இது வளர்ந்து அறுவடையில் கலந்துவிடுவதுண்டு. இலாபத்துக்காக வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு. இதன் எண்ணெய் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே போதும், உடம்பைக் கெடுத்துவிடும். சங்குயினரின் என்னும் நஞ்சு மெல்லிய இரத்தக் குழாய்களைக் கசியச் செய்கிறது. முதலில் இரண்டு கால்களும் வீங்கும், தோல் சிவக்கும். பிறகு மூச்சு வாங்கும். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை மங்கலாம். இதயம் தளர்ந்து உயிரும் போகலாம்.

1998-ஆம் ஆண்டு தில்லியில் இது நடந்தது. கலப்படக் கடுகெண்ணெயைச் சமைத்து உண்ட ஏறத்தாழ 3,000 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே எண்ணெய்க் குடத்தில் குடும்பம் முழுவதும் சாப்பிடுவதால், ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தடுத்துப் பலருக்கும் வரும்.

இந்த நோய் புதிதன்று. 1877-இல் கல்கத்தாவில் பரவியது. அடுத்த ஓரிரு ஆண்டில், நம்மவர்களும் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன மொரீசியஸ் தீவிலும் தோன்றியது. மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. கால் வீக்கத்தைப் பார்த்து இதுவும் பெரிபெரி என்றார்கள் பலர். தொற்றுக் கிருமி என்றார்கள் சிலர். அரிசி கெட்டுப்போனதால் என்றார்கள் வேறு சிலர்.

இந்த இடத்தில் நம் கோலாலம்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிபெரி நோய் அக்காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. தோட்டத்துத் தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. காரணம் என்ன? 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவுக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களுக்கு அநேகமாக வரவே இல்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நம் பாட்டன் பாட்டிமார் புழுங்கல் அரிசிச் சோறு தின்று பிழைத்தார்கள்.

மலாயாவின் கால் வீக்கத்துக்கு அரிசி காரணம். கல்கத்தாவின் கால் வீக்கத்துக்கோ எண்ணெய் காரணம். இதைக் கல்கத்தாவில் லால், ராய் முதலிய ஆய்வாளர்கள் 1930-களின் பிற்பகுதியில்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டினார்கள். முதல் கொள்ளைக்குப் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! அடுப்படியில் இருந்த குற்றவாளியை அத்தனை காலம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் இந்தியாவில் கடுகெண்ணெயுடன் வேறு எந்தச் சமையல் எண்ணெயையும் கலந்து விற்கத் தடை வந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

திங்கட்கிழமை காலையில் பாட்டி பள்ளிக்கு வந்துவிட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று எழுதிய எண்ணெயைச் சட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு நாள் தின்றதால் பயப்பட வேண்டியதில்லை, இனி வேண்டாம். நமக்கு நல்லெண்ணெய் இருக்கிறது, தேங்காயெண்ணெய் இருக்கிறது, நம் கையால் குலை வெட்டிய செம்பனை எண்ணெய் இருக்கிறது. கடுகெண்ணெய் இல்லாமல் நம் குழம்பு குறைப்படாது.

கைக்குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்க்காதீர்கள். பிஞ்சுத் தோலின் மேற்காப்பை அது கெடுக்கிறது என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. அரைத்த கடுகுப் பற்றைப் பிள்ளைகளுக்கு எந்த நாளும் போடாதீர்கள். என் நெஞ்சே அதற்குச் சாட்சி.

பெரியவர்கள் முழங்காலில் தேய்ப்பதானால், முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவிப் பாருங்கள். எரிந்தால் கழுவிவிடுங்கள். புண்ணின்மேல் வேண்டாம். கதகதப்பும் தேய்க்கும் கையும் சுகம் தரும், மூட்டுத் தேய்மானத்தை அது மாற்றாது. வலி தொடர்ந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

பெயர் ஒட்டாத போத்தலில், அளந்து ஊற்றித் தரும் எண்ணெயை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முத்திரை உடையாத போத்தலாக இருக்கட்டும். எந்த நாட்டுச் சரக்கு, இங்கே இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டம் அதைக் கேட்கிறது.

விதைக் கடுகு வாங்கினால் வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித்தரும் எளிய சோதனை இது. கடுகு வழவழப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மத்தண்டு விதை சொரசொரப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளை. பிள்ளைகளுக்குக் கண் கூர்மை, அவர்களிடமே கொடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மேல் இரண்டு கால்களும் வீங்கி மூச்சு வாங்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுப்படியில் உள்ள எண்ணெய்ப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பாட்டி, "அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிடுறேன் ஐயா. கடையில சில்லறையா வாங்காதேன்னு. அது ஊரு விட்டு வந்த புள்ள" என்றார். அவருடைய போத்தலையும் வாங்கிப் பார்த்தேன். முத்திரையும் முகவரியும் சரியாகவே இருந்தன.

பாட்டி எழுத்து அறியாதவர். மருமகளுக்குத் தமிழ் தெரியும், ஆங்கிலம் வராது. அந்த வீட்டில் போத்தலின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தவன் பத்து வயதுப் பையன். வகுப்பில் அவன் வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியவன்தான். எழுத்துக் கூட்டித்தான் படித்தான். ஆனாலும் படித்தான். அதனால் ஒரு கைக்குழந்தையின் தோல் புண்ணாகாமல் தப்பியது.

பெற்றோர்களே, இன்று இரவு உங்கள் அடுப்படியில் இருக்கும் போத்தல்களை எல்லாம் மேசைமேல் வையுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் செடியின் எண்ணெய், எந்த நாட்டில் ஆட்டியது, எந்த நாள்வரை ஆகும், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று கேளுங்கள். அதைவிட நல்ல வீட்டுப்பாடம் எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாது.